ங்க

செவ்வாய்தோறும்
கருமத்தம்பட்டியில் இறங்கி
சோமனூருக்கு வேறு பஸ் பிடிக்கிறேன்.
பையில் இருக்கும் டேப்லெட்டுக்குள்
ஒரு பெண் குடியிருக்கிறாள்.
செய்தி வாசிக்கிறவள் மாதிரி சுத்தத் தமிழ்,
ழகரம் பிசகாது.
"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்பாள்.
சோமனூரில் யாரும் அப்படிக் கேட்டுத்
தண்ணி குடித்ததில்லை.

நாற்பது கட்டங்கள்.
தண்ணீர், பசி, வலி, கழிப்பறை.
நன்றிக்கு மட்டும் இரண்டு படம்.

நிவேதிகா ஐந்தாம் வகுப்பு.
கழுத்து நிற்காது,
வலது கை தன் இஷ்டத்துக்குப் போகும்.
இடது மணிக்கட்டின் ஓரத்தால் தட்டுவாள்.
மூன்று மாதம் தட்டியது ஒரே கட்டம்.
தண்ணியா? இல்லை.
பசிக்குதா? இல்லை.
வலிக்குதா கண்ணு?
இல்லை இல்லை இல்லை.
"ஒத்துழைப்புக் குறைவு" என்று
பதிவேட்டில் எழுதினேன்.
நீல மையில், கையெழுத்துப் போட்டு.

அப்புறம் ஒருநாள்
பக்கத்துப் பெஞ்சு தர்ஷன்
அவள் சக்கர நாற்காலியின் பிரேக்கைப்
போட்டும் எடுத்தும் விளையாடிக்கொண்டிருந்தான்.
அவள் கை நாற்பது கட்டத்தின் மேலும் அலைந்தது.
அலைந்து அலைந்து
வழுக்கி விழுந்தது ஓரிடத்தில்.
"நன்றி" என்றாள் செய்திக்காரி.
வகுப்பே சிரித்தது.
நானும் கொஞ்சம்.

திரும்புகிற பஸ்ஸில் நின்றுகொண்டே எண்ணினேன்.
கேட்பதற்கு இருபத்தாறு,
தலையாட்டுவதற்கு ஒன்பது,
மறுக்க மூன்று, நன்றி இரண்டு.
திட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை.
பொய்க்கும் இல்லை.
செய்தவர்கள் நல்லவர்கள்தான்,
பேச்சில் பாதி
வேண்டாத வேலைக்குத்தான் என்பது
வாய் இருக்கிறவர்களுக்கு
ஞாபகம் வருவதில்லை.

அவள் அக்கா மோனிஷா குரல் கொடுத்தாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி.
நிறுத்த முடியாதுங்க, நாளைக்குப் பாவு முடிக்கணும்
என்றார் அப்பா.
எந்நேரமும் போகிற கரண்ட்
அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை.
டடக் டடக்கின் மேலேயே பதிந்தோம்:
ஏனுங் சார்.
சும்மா இர்றா.
அலும்பு பண்ணாத.
அக்கட்டால போ.
எனக்குத் தெரியாது.
கடைசியாக, தனியாக, ஒரு "ங்க".

யாருக்கு ஒட்டவேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது
அவள் பாடு.
நன்றியில் ஒன்றை அழித்து
அந்த இடத்தை இதற்குக் கொடுத்தேன்.
என்ன படம் போடுவது?
தண்ணீருக்குச் சொம்பு இருக்கிறது,
வலிக்கு அழுகிற மூஞ்சி இருக்கிறது.
வெறும் மஞ்சளாக விட்டுவிட்டோம்.

ஏழெட்டு எத்தனை என்பார் நாச்சிமுத்து சார்.
அவள் மணிக்கட்டு கிளம்பும் முன்பே
ஐம்பத்தாறு என்று ஓடு அதிரும்.
சார் தன் போனில் நேரம் பார்த்தார்:
கேள்விக்கும் அவள் பதிலுக்கும் நடுவே
பதினோரு விநாடி.
மறுநாளிலிருந்து
கேட்டுவிட்டு, உதடு அசையாமல்
பதினொன்று எண்ணுகிறார்.
அந்த அமைதியில்
கடைசிப் பெஞ்சு கோகிலவாணியும் கையைத் தூக்கினாள்,
ஒன்றாம் வகுப்பிலிருந்து
யாரும் பார்த்திராத கை.

போன செவ்வாய்
சாக்பீஸ் டப்பா தரையில் கவிழ்ந்து கிடந்தது.
பத்துத் துண்டு நூறு துண்டாகி,
யாரோ மேலே சக்கரம் ஏற்றியிருந்தார்கள்.
யார் இது? என்றார் சார்.
தர்ஷன் ஜன்னலைப் பார்த்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று.
மணிக்கட்டு எழுந்தது.
எட்டு, ஒன்பது.
முதலில் தறி வந்தது, டடக் டடக்,
பிறகு மோனிஷாவின் குரலில்
"எனக்குத் தெரியாது."
வகுப்பு மூச்சு விடப் போனது.
கை இன்னும் இறங்கவில்லை.
மஞ்சளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
டடக் டடக்.
"ங்க."

சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தோள் இரண்டும் குலுங்கின.
எல்லாரும் பொறுக்குங்க, என்றார்
கொஞ்சம் கழித்து.

பதிவேட்டை விரித்தேன்.
முன்னேற்றம் என்ற இடத்தில்:
பொய் சொன்னாள், மரியாதையாக.
அவள் இடது மணிக்கட்டில்
வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.
யாரும் துடைத்துவிடவில்லை.